‘வாண்ட்’ என்ற சொல்லுக்குப் பத்து வாக்கியங்கள்

பஞ்சாபில், பர்னாலா பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரே கட்டடத்தில், வெளிநாடு போக எழுதும் இங்கிலீஷ் தேர்வான ஐலெட்ஸுக்கு நாலு வகுப்புகள். கீழே செருப்புக் கடை, அதற்கு மேலே விசா ஏஜென்ட், அதற்கும் மேலே இங்கிலீஷ். படிக்கட்டுச் சுவரில் இடமில்லாமல் கனடாக் கொடியும், பாஸ்போர்ட்டை முகத்தோடு ஒட்டிப் பிடித்துச் சிரிக்கும் பெண்களின் படங்களும். மூன்றாவது மாடியில் வந்தனா மேடம் நாற்பது பேரை ஒரே அறையில் அடைத்து வைத்துத் தினம் ஒரு சொல்லைப் பிழிந்துகொண்டிருந்தார். அன்றைக்கு மாட்டிய சொல் ‘வாண்ட்’.

“சின்னச் சொல்லுதானேன்னு சிரிக்காதீங்க. போன பரீட்சையில பாதிப் பேர் இதுலதான் விழுந்தீங்க” என்றார் மேடம். “நம்ம பேச்சுல ‘எனக்கு வேணும்’னு சொல்றோம். காய்ச்சல் வந்த மாதிரி அதுவா வந்து ஒட்டிக்கிச்சு, நான் என்ன பண்றதுன்னு தப்பிச்சுக்கலாம். இங்கிலீஷ்ல அந்தச் சௌகரியம் கிடையாது. ஐ வாண்ட். நான்தான் விரும்புறேன், பழி என் மேலன்னு நிமிர்ந்து நின்னு சொல்லணும்.”

பின் வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். “பெரியவங்ககிட்ட அப்படிப் பட்டுனு சொல்லலாமா மேடம்?”

“வீட்ல சொல்லாத, செருப்பு பறக்கும். எக்ஸாமினர்கிட்ட தாராளமா சொல்லு.” சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, கரும்பலகையில் மூன்று கோடுகள் போட்டார். ஒரு பொருளை விரும்புவது, ஒரு காரியத்தைச் செய்ய விரும்புவது, இன்னொருவர் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று விரும்புவது. “இந்த மூணாவதுலதான் எல்லாரும் உளறுவீங்க. ‘நான் கனடா போகணும்னு எங்கப்பா விரும்புறாரு.’ உங்க வீட்ல நடக்கறது பூரா அதுதானே, அதையாச்சும் ஒழுங்காச் சொல்லக் கத்துக்குங்க. நாளைக்குப் பத்து வாக்கியம்.”

ரமனீத் அன்று மாலை வீட்டில் எருமைத் தொட்டிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து பத்தையும் எழுதினாள். அவளுக்கு வயது பத்தொன்பது. அப்பா குர்மெயில் சிங் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், பஞ்சாபியின் குர்முகி எழுத்தைத் தாண்டி வேறொன்றும் அறியாதவர். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. அந்த வீட்டில் இங்கிலீஷ் எழுத்து என்பது பூட்டும் சாவியும் அவளிடமே இருக்கும் பெட்டி. அதனால் அவள் கூசாமல் உண்மையை எழுதினாள்.

பெரிய ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக விரும்புகிறேன் என்று எழுதினாள். எருமையின் வயிற்றிலிருந்து கன்றை எடுத்துக் கழுவி விட்டு, அதே கையைக் கழுவி டீ குடிக்க விரும்புகிறேன். கால்நடைக் கல்லூரி என்னைத் தேர்ந்தெடுத்த விஷயத்தை வீட்டில் சொல்ல விரும்புகிறேன். என் மார்க்கைக் கல்யாணம் செய்ய வருகிறவனை நான் விரும்பவில்லை. மூன்றாவது வகைக்கு ஒன்று குறைந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதையும் எழுதினாள்: என் அப்பா என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மறுநாள் வந்தனா மேடம் பத்துக்கும் சிவப்பு டிக் போட்டார். ரப்பர் பூட்ஸ் வாக்கியத்தில் விட்டுப்போன ஒரு எழுத்தைச் சேர்த்து, கடைசியில் ‘வெரி நேச்சுரல்!’ என்று எழுதினார். நாற்பது நோட்டு திருத்துகிறவர் இலக்கணத்தைப் பார்ப்பாரா, எழுதினவளைப் பார்ப்பாரா? அவருக்கு அது இன்னும் பத்து உதாரண வாக்கியம், அவ்வளவுதான்.

கல்லூரி விஷயம் பொய்யில்லை. விளையாட்டாக விண்ணப்பித்தது, இடம் கிடைத்துவிட்டது. மாதக் கடைசி தேதிக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும். ஆனால் வீட்டில் வேறு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பெண்ணுக்கு ஒன்பதுக்கு ஏழு மார்க் வந்தால் போதும். மாப்பிள்ளை வீட்டார் படிப்புச் செலவு முழுக்க ஏற்றுக் கல்யாணம் செய்துகொள்வார்கள். பெண் முதலில் கனடா போவாள். கணவன் என்ற முறையில் பையன் பின்னால் போவான். ஊரில் பத்துக் கல்யாணத்தில் நாலு இப்படித்தான். அதில் யாருக்கும் வெட்கமில்லை, செய்தித்தாளில் வரன் விளம்பரத்திலேயே உயரத்துக்கு முன்னால் ஐலெட்ஸ் மார்க்கைப் போடுகிறார்கள்.

எழுத்துத் தேர்வு ஒரு சனிக்கிழமை முடிந்தது. ரமனீத் நன்றாகவே எழுதினாள், மோசமாக எழுதிப் பழக்கமில்லை. பேச்சுத் தேர்வு அடுத்த வியாழக்கிழமை. நடுவில் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள்.

வந்தது நாலு பேர். பையன் தனவீர், இருபத்தாறு வயது, தலைப்பாகை புதுசு. அவன் அப்பா. தரகர் நிர்பய். எல்லாருக்கும் முன்னால், காரிலிருந்து முதல் ஆளாக இறங்கிய அத்தை. பையனின் அப்பாவுக்கு அக்கா, அதனால் எல்லாருக்கும் ‘பூஆ ஜி’. அந்த அம்மாள் பக்கோடாத் தட்டைத் தொடக்கூட இல்லை.

“ஏழு வரும் ஏழு வரும்னுதான் எல்லாப் பொண்ணு வீட்லயும் சொல்றாங்க” என்றார் அத்தை. “தப்பா நெனைக்காதீங்க சர்தார் ஜி. மலேர்கோட்லா பக்கம் ஒரு பொண்ணு. ஏழரைன்னு சொன்னாங்க, லட்டு ஊட்டிட்டு வந்தோம். வந்தது அஞ்சரை. லட்டைத் திருப்பி வாங்க முடியுமா?”

“எங்க ரமனீத் அப்படியில்ல பூஆ ஜி” என்றார் தரகர் நிர்பய், வாயில் பர்ஃபியோடு. “சும்மா இங்கிலீஷ்லயே தும்மும்.”

“எங்கே, ஏதாச்சும் பேசு புத்தர்” என்றார் அத்தை, ‘மகளே’ என்று கொஞ்சுகிற பஞ்சாபிச் சொல்லால்.

ரமனீத் தன் ஊரைப் பற்றியும் பருவமழையைப் பற்றியும் நாலு வரி பேசினாள். அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டார். அது இங்கிலீஷா, இல்லையா என்று அந்த அறையில் தீர்ப்பு சொல்லக்கூடியவன் பையன் ஒருவன்தான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பேச்சு காத்தோட போயிடும். எழுத்து ஏதாச்சும் இருக்கா?” என்றார் அத்தை.

ரமனீத்துக்கு அந்த நிமிஷம் நோட்டு நினைவுக்கே வரவில்லை. அப்பா எழுந்து உள்ளே போனது தெரிந்தது. தண்ணீர் கொண்டுவரப் போகிறார் என்று நினைத்தாள். திரும்பி வந்தவர் கையில் நோட்டு இருந்தது. அதை வேட்டித் துணியில் ஒரு முறை துடைத்து, பிரசாதம் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் அத்தையிடம் நீட்டினார். “நீங்களே பாருங்க. ஒரு இடத்துலகூட அடிச்சுத் திருத்தல் கிடையாது.”

“பாப்பு, அது ரஃப் நோட்டு” என்று அப்பாவிடம் சொன்னாள் ரமனீத். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

“ரஃப் நோட்டே இப்படின்னா பாருங்களேன்!” என்றார் தரகர்.

அத்தை பக்கம் புரட்டினார். எழுத்தை விட்டுவிட்டு டிக்குகளை விரல் வைத்து எண்ணினார். பத்து. கடைசியில் மேடம் எழுதியிருந்ததையும் அந்த ஆச்சரியக்குறியையும் தடவிப் பார்த்தார். முகம் முதல் தடவையாக இளகியது. நோட்டை அப்படியே பையனிடம் நீட்டினார். “இந்தா. நாலு தடவை ஐலெட்ஸ் எழுதினியே, ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும். இந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு எல்லாருக்கும் படிச்சுச் சொல்லு.”

தனவீர் வாங்கினான். ரமனீத் அவன் கண்களையே பார்த்தாள். முதல் வரியில் ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது. பாதிப் பக்கத்தில் கண் நின்றது. பின்னால் போய் மறுபடி படித்தது. காது மடல் சிவந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போக அந்த வீட்டில் வாசல் ஒன்றுதான், அதில் அவர்களுடைய செருப்புகள் கிடந்தன.

“என்னடா, படிக்கத் தெரியலையா?” என்றார் அத்தை.

“தெரியுது பூஆ ஜி.” தொண்டையைச் செருமிக்கொண்டான். கடைசி வரிக்குப் போனான். “ஐ வாண்ட் மை ஃபாதர் டு ஆஸ்க் மீ வன்ஸ்” என்று நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

“ஃபாதர்!” என்றார் குர்மெயில் சிங். அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும். “என்னைப் பத்தியா? என்ன எழுதியிருக்கா?”

தனவீர் ரமனீத்தை ஒரு கணம் பார்த்தான். “எங்கப்பா எப்பவும் சந்தோஷமா இருக்கணும், அவர் சொல்றதுதான் எனக்கு வேதம்னு எழுதியிருக்காங்க.”

குர்மெயில் சிங் தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா சமையலறைக் கதவோரம் நின்று மூக்கை உறிஞ்சினாள். அத்தைக்கே கண் கலங்கிவிட்டது. “மலேர்கோட்லாப் பொண்ணு தன் நோட்டுல என்ன எழுதியிருப்பாளோ” என்றபடி லட்டு டப்பாவைத் திறந்து, ஒரு லட்டை உடைத்து ரமனீத்தின் வாயில் வைத்தார். பல்லால் தடுக்கவா முடியும்? விழுங்கினாள்.

பையனும் பெண்ணும் ஐந்து நிமிஷம் பேசிக்கொள்ளட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியை விமானமாகக் கட்டி வைத்திருந்தார்கள், வால் சிறகில் கனடாவின் மேப்பிள் இலையோடு. ரமனீத்துக்கு அவன் மேல் நன்றி பொங்கி வந்தது. முன்பின் தெரியாதவன், சொல்லாமல் விட்டானே.

“நீங்க மட்டும் உள்ளதைச் சொல்லியிருந்தா...” என்று ஆரம்பித்தாள். “ரொம்ப நன்றி. கீழே போய்ப் பொண்ணு பிடிக்கலன்னு சொல்லிடுங்க. மூக்கு சரியில்ல, உயரம் பத்தலன்னு ஏதாச்சும். நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

“பிடிச்சிருக்கே” என்றான் தனவீர். கேலியாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். “நாலு தடவை எழுதினேன். ரைட்டிங்ல அஞ்சைத் தாண்டல. இந்த மாதிரி பத்து வரி எனக்கு வந்திருந்தா நான் ஏன் உங்க வீட்டுக்கு வந்து பக்கோடா தின்னுட்டிருக்கேன்? எங்க தெருவுல என் வயசுப் பையன் நான் ஒருத்தன்தான் பாக்கி. சாயங்காலம் ஆனா வாலிபால் ஆட ஆளில்ல. எனக்கும் வாண்ட் இருக்குங்க. எழுதத்தான் வரல.”

“எனக்கு இஷ்டமில்லைன்னு தெரிஞ்சுமா?”

“எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன்.” நோட்டு இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அதை இரண்டாக மடித்துச் சட்டைக்குள் செருகினான். “இது என்கிட்டயே இருக்கட்டும். நான் கனடா வந்து சேர்ற வரைக்கும்.”

“எதுக்கு?”

“எங்க சித்தப்பா பையனுக்கு இப்படித்தான் கட்டி வெச்சாங்க. அவ அங்க போனா, மூணாவது மாசம் போனை எடுக்கறதை நிறுத்திட்டா. அவன் இப்ப எருமையோட பேசிட்டிருக்கான். நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க. செஞ்சா, இல்ல நடுவுல வேண்டாம்னு சொன்னா, உங்க பாப்புகிட்ட இதை முழுசாப் படிச்சுக் காட்ட வேண்டி வரும். அந்த மனுஷன் அழுததைப் பார்த்தீங்கல்ல? எனக்கு அதுல ஆசையில்ல.”

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் ரமனீத் கத்தியிருப்பாள். அவன் முகத்தில் இருந்தது பயம்தான். தப்பிக்க இருந்த ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டவனின் பயம். அந்தப் பலகை அவள்.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு, அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து தொட்டியருகே போனாள். குர்மெயில் சிங் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டு தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

“பாப்பு, ஒண்ணு சொல்லணும்.”

“முதல்ல நான் சொல்றேன், கேளு. ஊர்ல அவனவன் பொண்ணு கனடா போயி அப்பனை மறந்துட்டான்னு புலம்புறான். நீ பரீட்சை நோட்டுல என்னை எழுதி வெச்சிருக்க.” கையை உதறித் தோள் துண்டில் துடைத்தார். “அந்த வரியை எனக்குச் சொல்லிக் குடு புத்தர். இங்கிலீஷ்லயே. குருத்வாராவுல நாலு பேருக்குச் சொல்லிக் காட்டணும்.”

அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காத்துக்கொண்டு நின்றார். கடைசியில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “ஐ... வாண்ட்... மை ஃபாதர்... டு ஆஸ்க் மீ... வன்ஸ்.” அவரும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். ‘ஆஸ்க்’ அவருக்கு ‘ஆக்ஸ்’ என்று வந்தது. மூன்றாவது தடவை சரியாக வந்ததும் எருமையின் முதுகில் தட்டி, அதனிடமும் ஒரு முறை சொல்லிக் காட்டினார்.

“நீ என்னமோ சொல்ல வந்தியே?”

“ஒண்ணுமில்ல பாப்பு. தவிடு தீரப் போகுது, வாங்கணும்.”

அப்போதுதான் மிச்சமிருந்த ஒரே வழி அவளுக்குப் புலப்பட்டது. வேண்டாம் என்று அவள் சொல்ல முடியாது. ஆனால் மார்க் வராவிட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். எந்தப் பகுதியிலும் ஆறுக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. பேச்சுத் தேர்வு பாக்கி இருக்கிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இதைவிடச் சுலபமான காரியம் உண்டா? இத்தனை வருஷமாக வீட்டில் செய்து பழகியதுதானே. அத்தை லட்டுக்கு வருத்தப்படுவார், அப்பா ஒரு வாரம் முகம் வாடிக் கிடப்பார். அதற்குள் கல்லூரிக் கடிதத்தை நீட்டிவிடலாம். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை லூதியானாவில் ஓர் ஓட்டலின் சின்ன அறை. நரைத்த முடியை வெட்டிவிட்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், ஒரு ரெக்கார்டர், ஒரு தண்ணீர்க் குவளை. ஊர் எது என்று கேட்டார். ரமனீத் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னாள். பிடித்திருக்கிறதா என்றதற்கு ‘யெஸ்’. ஏன் என்றதற்குத் தெரியாது என்று தோளைக் குலுக்கினாள். அந்த அம்மாள் அவசரப்படவில்லை. ஒரு அட்டையை அவள் பக்கம் நகர்த்தி, யோசிக்க ஒரு நிமிஷம், பேச இரண்டு நிமிஷம் என்றார். அட்டையில் இருந்தது: நீங்கள் வெகுநாளாக விரும்பும் ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள். அது என்ன, ஏன் விரும்புகிறீர்கள்.

ரமனீத் பென்சிலைத் தொடவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நிமிஷம் முடிந்தது. இனி இரண்டு நிமிஷம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தால் விடுதலை.

அந்த அம்மாள் ரெக்கார்டரை விட்டுக் கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். “சோ, ரமனீத்” என்றார். குரலில் அவசரமே இல்லை. “வாட் டூ யூ வாண்ட்?”

பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவளை இந்தக் கேள்வி கேட்டதில்லை. வந்தனா மேடம் நாற்பது பேரைச் சேர்த்துக் கேட்டார், அது கணக்கில்லை. பெயர் சொல்லி, பதிலுக்காகக் காத்திருந்து, முகத்தைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. பேசக்கூடாது என்று அவள் எடுத்த முடிவு உள்ளே அப்படியேதான் இருந்தது. வாய் அதைக் கேட்கவில்லை.

ஜூன் மாத உச்சி வெயிலில் தங்கள் எருமை விழுந்து கிடந்ததைச் சொன்னாள். கன்றின் கால் திரும்பியிருந்ததை, மாட்டு டாக்டர் போனிலேயே சொல்லச் சொல்லத் தன் கையைத் தோள்வரை உள்ளே விட்டதை, ஒரு குளம்பு விரல்களுக்கிடையில் உதைத்ததைச் சொன்னாள். அந்த உதையை இன்னொரு தடவை வாங்க விரும்புகிறேன் என்றாள். ரப்பர் பூட்ஸ் விரும்புகிறேன் என்றாள். கல்லூரிக் கடிதம் போனில் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைச் சொன்னாள். சொற்கள் தாமாக வந்தன, இலக்கணம் பின்னாலேயே ஓடி வந்தது. இரண்டு நிமிஷம் முடிந்ததும் அந்த அம்மாள் கையைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்த கேள்வியாக, உங்களைத் தடுப்பது எது என்று கேட்டார்.

“யாரும் கேட்கவில்லை” என்றாள் ரமனீத் இங்கிலீஷில். “நீங்கள்தான் முதல் ஆள்.”

அந்த அம்மாள் தலையைத் தாழ்த்தித் தாளில் ஏதோ எழுதினார். வெகுநேரம் எழுதினார்.

அறையை விட்டு வெளியே வந்தபின், தாழ்வாரத்தில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டபோதுதான் ரமனீத்துக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. காவலாள் வந்து, “தங்கச்சி, வழியில நிக்காதீங்க” என்று சொல்லும்வரை அங்கேயே நின்றாள். உடம்பு லேசாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. இரண்டு நிமிஷம் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்!

முடிவு மாதக் கடைசி நாளில் வந்தது. கல்லூரியில் போய்ச் சேர வேண்டிய கடைசி நாளும் அதுதான். மொத்தத்தில் ஏழுக்கு மேலே, பேச்சில் ஒன்பதுக்கு எட்டரை. அந்தக் கட்டடத்தில் நாலு வகுப்பையும் சேர்த்து அதுவரை யாரும் வாங்காத மார்க். வந்தனா மேடம் போனிலேயே அழுதார். ரமனீத்தின் படத்தைப் படிக்கட்டுச் சுவரில் மாட்டப் போவதாகச் சொன்னார். சிரித்தபடி ஒரு போட்டோ அனுப்பு பேட்டா என்றார்.

மதியத்துக்குள் அத்தை லட்டோடு வந்துவிட்டார், இந்தத் தடவை இரண்டு டப்பா. பின்னால் தனவீர் வந்தான். அவள் பக்கம் பார்க்காமல், சட்டைக்குள் நோட்டு இருந்த இடத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். முற்றத்தில் நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். பதிவுத் திருமணம் எந்த வாரம், கனடாக் கல்லூரி எந்த ஊர் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரமனீத்தின் மடியில் போன் இருந்தது. கல்லூரி அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். மணி நாலே கால்.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், எட்டரை வாங்குகிற பெண் அப்படி என்னதான் எழுதுவாள் என்று. குர்மெயில் சிங் எழுந்து நின்று தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். எல்லாரும் அமைதியாகும்வரை காத்திருந்தார். பிறகு மகளைப் பார்த்து, ஒரு பிழையும் இல்லாமல், ஊரே கேட்கும்படி சொன்னார்.

“ஐ வாண்ட் மை ஃபாதர் டு ஆஸ்க் மீ வன்ஸ்.”

எல்லாரும் கை தட்டினார்கள்.